ஒரு ஓம் மோகம் வந்த வழி

காரில் சப்வூஃபர் பொருத்துகிறவர்களிடையே ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. இருக்கிற வாய்ஸ் காயில்களையெல்லாம் பேரலலாக இணைத்து, மொத்த மின்தடையை ஒரு ஓமுக்கு இறக்கி, ஆம்ப்ளிஃபயரிடமிருந்து கடைசி வாட் வரை கறந்துவிடுவது. நல்ல ஒலிக்கு இது தேவையே இல்லை. அமெரிக்கக் கார்களின் பேட்டரியும், பிறகு அங்கே நடந்த ஒலிப் போட்டிகளின் விதியும் சேர்ந்து வளர்த்த பழக்கம் இது.

1950களின் நடுவில் அமெரிக்கக் கார்கள் 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாறின. எஞ்சின் ஓடும்போது கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். அதை அப்படியே பயன்படுத்தும் எளிய சர்க்யூட்டால் 4 ஓம் ஸ்பீக்கருக்கு ஆறேழு வாட்டுக்கு மேல் தர முடியாது. வீடுகளில் வழங்கிய 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் அதிலும் பாதிதான். காரில் 4 ஓம் நிலைத்தது இந்த வறுமையால். அரிசோனாவில் ஜிம் ஃபாஸ்கேட் 1973இல் தொடங்கியதைப் போன்ற நிறுவனங்கள், பேட்டரியின் மின்னழுத்தத்தை உள்ளேயே உயர்த்திக்கொள்ளும் ஆம்ப்ளிஃபயர்களைக் கொண்டுவந்ததும் வறுமை தீர்ந்தது. ஓமை மேலும் குறைக்கும் தேவையும் அத்தோடு போயிருக்க வேண்டும்.

போகாததற்குக் காரணம் போட்டிகள். 1980களின் பிற்பகுதியில், ஆம்ப்ளிஃபயரின் அறிவிக்கப்பட்ட வாட்டை வைத்தே போட்டியாளர்களைப் பிரிவு பிரித்தார்கள். ஓரியன் 225 எச்சிசிஏ என்ற ஆம்ப்ளிஃபயர் இதற்கென்றே பிறந்ததுபோல வந்தது. 4 ஓமில் சேனலுக்கு 25 வாட் என்ற அடக்கமான அறிவிப்பு; உள்ளேயோ பெரும் மின்னோட்டத்தைத் தாங்கும் பாகங்கள். மின்தடை பாதியாகும்போதெல்லாம் திறன் இரட்டிக்கும் என்பது கணக்கு: 2 ஓமில் 50, ஒன்றில் 100, அரை ஓமில் 200. இரண்டு சேனலையும் சேர்த்தால், 50 வாட் பிரிவில் நுழைந்து 400 வாட்டில் அதிர வைக்கலாம். ரசிகர்கள் இவற்றுக்கு ‘சீட்டர் ஆம்ப்’ என்றே பெயர் வைத்தார்கள். ஏமாற்று என்பதைவிட, அட்டைப்பெட்டியைப் பார்த்து எடைபோட்ட நடுவர்களுக்குக் கிடைத்த பலன் என்பேன்.

ஓம் குறைந்தால் சத்தம் கூடுவது உண்மைதானே என்று கேட்கலாம். கூடும், ஆனால் திறன் இரட்டித்தால் ஏறுவது 3 டெசிபல் மட்டுமே. அதற்கு விலையாக ஆம்ப்ளிஃபயர் கூடுதலாகச் சூடாகும், பேட்டரி மின்சாரம் வீணாகும். இன்றைய கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயர்கள் ஒரு ஓமுக்கென்றே வடிவமைக்கப்படுகின்றனவே என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். ஆனால் வாங்குபவரின் பழக்கத்தைத் தயாரிப்பாளர் பின்பற்றியதற்கே அது சான்று. ஜேஎல் ஆடியோவின் 500/1, 1.5 ஓமிலிருந்து 4 ஓம் வரை எதில் இணைத்தாலும் அதே 500 வாட்டைத் தந்தது. வேறு வழி இருந்தது.

2003இல் அமெரிக்கத் தொழில்துறை கொண்டுவந்த சிஇஏ-2006 தரம் 14.4 வோல்ட், 4 ஓம், 1 சதவீதத்துக்குள் ஒலிச்சிதைவு என்று அளவைத் திட்டப்படுத்தியது. ஆம்ப்ளிஃபயர் வாங்கும்போது பெட்டியின் முகப்பில் கொட்டை எழுத்தில் இருக்கும் வாட்டை விட்டுவிட்டு, இந்த 4 ஓம் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.