ஒருவழி மகிழுந்து வாடகை

ஒருவழி மகிழுந்து வாடகை என்பது ஓர் ஊரில் வாடகைக்கு எடுத்த மகிழுந்தை வேறோர் ஊரில் ஒப்படைக்கும் முறை ஆகும். வண்டியைத் திருப்பிக் கொணரும் செலவை ஈடுகட்ட நிறுவனங்கள் தனிக்கட்டணம் அறவிடுகின்றன. சில வேளைகளில் இது நாள் வாடகையிலேயே கலந்திருக்கும் என்பதால், மொத்தத் தொகையை ஒப்பிடுவதே சரியானது.

கட்டணம் தொலைவை மட்டுமன்றித் திசையையும் பொறுத்தது. ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடாவில் குளிர்காலச் சுற்றுலா முடிந்ததும் மிகும் வண்டிகளை வடக்கே அனுப்புவதற்காக, இளவேனிலில் அத்திசைக்குச் சலுகை வாடகை அறிவிக்கப்படுவதுண்டு. நியூசிலாந்தில் பயணிகள் பலர் ஆக்லாந்தில் இறங்கித் தெற்கு நோக்கிச் செல்கின்றனர். இதனால் கிறைஸ்ட்சர்ச்சில் தேங்கும் வண்டிகளை ஆக்லாந்துக்கு ஓட்டிச் செல்வோருக்கு, நாளொன்றுக்கு 1 டாலர் வாடகையிலும் வண்டி கிடைப்பதுண்டு. குக் நீரிணையைக் கடக்கும் கப்பல் கட்டணத்தையும் சில வேளைகளில் நிறுவனமே ஏற்கும். எனினும் வண்டியைச் சில நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும்; வழியில் ஊர் சுற்ற நேரமிராது.