யசாகா ஆலயமும் கியோன் விழாவும்

யசாகா ஆலயம் ஜப்பானின் கியோட்டோ நகரில் ஷிஜோ வீதியின் கிழக்கு முனையில் அமைந்த ஷின்டோ ஆலயம். ஜூலை மாதம் முழுவதும் நடைபெறும் கியோன் விழாவால் புகழ்பெற்றது. இது 656இல் தோன்றியதாக ஒரு மரபும், 876இல் பௌத்தத் துறவி ஒருவரால் தோன்றியதாக மற்றொரு மரபும் உண்டு. ‘கியோன்’ என்பது புத்தர் தங்கிய ஜேதவனத்தின் ஜப்பானியப் பெயர். ஜேதவனத்தின் காவலராகக் கருதப்பட்ட கோசு தென்னோ, கொள்ளைநோயை அடக்கும் தெய்வமாக இங்கு வணங்கப்பட்டார். 869இல் நோய் பரவியபோது நாட்டின் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒன்றாக 66 ஈட்டிகள் நாட்டப்பட்டதே விழாவின் தொடக்கம் என்பது ஆலய மரபு. அரசவை வரலாற்று நூலோ 863இல் ஷின்சென்என் தோட்டத்தில் நடந்த சாந்தி வழிபாட்டைக் கூறுகிறது. எனவே 869ஐ மரபாண்டாகக் கொள்வதே பொருத்தம்.

விழாவைத் தாங்கி நின்றது ஆலயமா, நகரத்தாரா? 1467இல் மூண்ட ஓனின் போரில் கியோட்டோ எரிந்தது, விழாவும் நின்றது. 1500இல் அது மீண்டபோது விழா ஊர்வலத்தின் தேர்களைக் கட்டியவர்கள் தெருதோறும் குழுவாகத் திரண்ட வணிகரும் கைவினைஞருமே. 1533இல் ஆலயச் சடங்குகள் நிறுத்தப்பட்டபோது, சடங்கு இல்லாவிட்டாலும் தேர் ஓடவேண்டும் என அவர்கள் விண்ணப்பித்தனர். ஒரே விண்ணப்பத்தைக் கொண்டு நகரத்தாரின் தன்னாட்சியை நிறுவ முடியாது என்ற மறுப்பு நியாயமானதே. தேர்கள் வழியைத் தூய்மையாக்கத்தான் செல்கின்றன, ஜூலை 17 மாலை தெய்வங்கள் எழுந்தருளும் மூன்று பல்லக்குகளே விழாவின் உயிர் என்ற மறுப்பும் உண்டு. சடங்கின் பொருளுக்கு இது பொருந்தும். ஆனால் விழா நிலைத்ததன் காரணத்தை விளக்காது. 1864இல் நகரில் பரவிய தீயில் பல தேர்கள் அழிந்தன. 1868இல் புத்த, ஷின்டோ வழிபாடுகளைப் பிரித்த அரசாணையால் ஆலயத்தின் பெயரும் தெய்வத்தின் பெயரும் மாறின. ஆயினும் தெருக்குழுக்கள் தேர்களை விட்டுவிடவில்லை. பெரிய தேர்களின் சட்டங்களை ஆணியின்றி வைக்கோற்கயிற்றால் வரிந்து கட்டும் முறை இன்றும் தொடர்கிறது. முடிச்சுகளின் ஒழுங்கே தனி அழகு; அவற்றைத் துணிகள் மறைத்துவிடுவதால், தேர் கட்டும் நாள்களில் வருவோரே முழுதாகக் காண்பர். தேர்களுள் ஒன்றான தெற்குக் கன்னோன் தேரில் தூசிக்காப்பாகப் பயன்பட்ட இந்திய அச்சுத்துணி ஒன்றில் 1684ஆம் ஆண்டு குறிக்கப்பட்டுள்ளது. மூலையில் திரும்பும்போது சக்கரங்களுக்கு அடியில் மூங்கில் பிளாச்சுகளைப் பரப்பி, நீரூற்றித் தேரைப் பக்கவாட்டில் இழுக்கின்றனர்.

1966இல் ஒன்றாக்கப்பட்ட இரு தேரோட்டங்கள் 2014 முதல் ஜூலை 17, 24 எனத் தனித்தனியே நடக்கின்றன. தேர்வலம் 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 2020, 2021இல் பெருந்தொற்றால் தேர்வலம் நடைபெறவில்லை.