ரசவாதக் கல்லும் ஒரு பாரிஸ் எழுத்தரும்

ஹாரி பாட்டர் வரிசையின் முதல் நாவலை (1997) வாசித்தோர் அந்த நூலகத் தேடலை மறந்திருக்க மாட்டார்கள். மாயப் பள்ளியின் விடுதியில் தங்கிப் பயிலும் மூன்று சிறார், நிக்கோலா ஃபிளமெல் என்னும் பெயரைத் தேடி நூல் நூலாகப் புரட்டுகிறார்கள். அவர் ரசவாதக் கல்லை ஆக்கியவர், வயது 665 என்பது பின்னரே தெரியவருகிறது. நம்மில் பலரும் இப்பெயரை ஆசிரியையின் கற்பனை என்றே எண்ணியிருந்தோம். உண்மை அதுவன்று.

ஃபிளமெல் 14ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் வாழ்ந்தவர். சேன் ழாக் தேவாலயத்தின் அருகே கடை வைத்து, ஏடுகளைப் படியெடுத்தும் விற்றும் பிழைத்த எழுத்தர். அவர் மணந்த பெர்னெல் கணவரை இழந்தவர், கைப்பொருளோடு வந்தவர். தொழில் வருவாயும் மனைவியின் செல்வமும் வீட்டு வாடகையும் சேர்ந்து அவரைச் செல்வராக்கின. 1407இல் அவர் எழுப்பிய வீடு மோன்மொரான்சி தெருவில் இன்றும் நிற்கிறது. அதில் எளியோர் தங்கினர். இறந்தோருக்காக நாள்தோறும் வேண்டுதல் செய்யுமாறு அவர்களைக் கேட்கும் வாசகம் அதன் முகப்பிலேயே பொறிக்கப்பட்டுள்ளது.

அவர் 1418இல் மறைந்தார். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து, 1612இல், அவர் பெயரில் ஒரு நூல் அச்சேறியது. விளங்காத பழஞ்சுவடி ஒன்று தமக்குக் கிடைத்ததாகவும், அதன் பொருளறிந்து 1382இல் பொன் செய்ததாகவும் அதில் அவரே உரைப்பதுபோல் எழுதப்பட்டிருந்தது. (நியூட்டனே இந்நூலிலிருந்து குறிப்பெடுத்து வைத்திருந்தார் என்றால் அதன் செல்வாக்கை என்னென்பது!) 1761இல் வில்லான் என்னும் பாதிரியார் உயில்களையும் கணக்குகளையும் ஆராய்ந்து, அச்செல்வத்தில் மாயம் ஏதுமில்லை எனக் காட்டினார். கேட்டவர் சிலரே. எழுதிப் பிழைத்த ஒருவன் நேர்வழியில் பொருளீட்டியிருப்பான் என்பதை நம்புவதினும், ஈயத்தைப் பொன்னாக்கினான் என்று நம்புவது உலகுக்கு எளிதாயிருந்தது போலும்!

நாவலாசிரியை மீது நமக்குக் குறையில்லை. நூற்றாண்டுகளாக வழங்கிய கதையை அவர் எடுத்தாண்டார், அவ்வளவே. எனினும் சாவை வென்றவராகக் கதைகள் போற்றும் இம்மனிதர், தம் கல்லறைக் கல்லைத் தம் வாழ்நாளிலேயே செதுக்கச் செய்து வைத்திருந்தார் என்பதை நினைக்காமலிருக்க முடியவில்லை. சேன் ழாக் ஆலயம் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் இடிபட்டது. கோபுரம் மட்டுமே எஞ்சியது. கல்லறைக் கல் இப்போது குளுனி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கு சேருமுன் ஒரு காய்கறிக் கடையில் கீரை நறுக்கும் பலகையாக அது பயன்பட்டு வந்தது என்றொரு செய்தியும் உண்டு.