தென்னாப்பிரிக்கத் திராட்சை மதுவும் தரப் பரீட்சையும்

பொன்னின் மாற்றை அறிய உரைகல் உண்டு. துணியின் நயத்தை விரலால் தடவி அறியலாம். ஆனால், நாவிற்கும் நாசிக்கும் மட்டுமே புலனாவதும், பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே தோன்றுவதுமான ஒரு பொருளை எவ்வாறு தரம் பிரிப்பது? கல்கத்தாவில் வாழும் நம்மவர் இதற்கு எளிதில் விடை கூறுவர். 1861-ஆம் ஆண்டிலேயே அந்நகரில் தேயிலை ஏலம் தொடங்கிற்று. கிண்ணங்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு வாய் உறிஞ்சிச் சுவைத்துத் துப்பிவிட்டு, சரக்கின் தரத்தையும் விலையையும் மதிக்கும் வல்லுநர்கள் அத்தொழிலில் உண்டு. அத்தகைய சுவை வல்லுநர்கள் ஒரு நாட்டின் தொழிலை எவ்வளவு தூரம் திருத்த முடிந்தது, எதனைத் திருத்த முடியாமல் நின்றனர் என்பதற்குத் தென்னாப்பிரிக்கத் திராட்சை மதுவின் வரலாறு தக்க சான்றாகும்.

1948-இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்குக் கண்ட சென்னையின் வழிவந்தோர்க்கு இச்செய்தி எதற்கு என்று சிலர் வினவலாம். மது அருந்துமாறு எவரையும் தூண்டுவது நம் நோக்கமன்று. நல்ல சரக்கு மலிவாகக் கிடைக்குமா என்பது எல்லாப் பண்டத்திற்கும் பொருந்தும் வினா. அந்த மலிவின் சுமையைத் தாங்கியவர் யார் என்பது அதனினும் பெரிய வினா. இவ்விரண்டையும் சேர்த்தே ஆராய்வோம்.

பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டையும் பண்டகசாலையும் வைத்திருந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை நாம் அறிவோம். அதே கம்பெனிதான் 1652-இல், கிழக்கே செல்லும் தன் கப்பல்களுக்குக் காய்கறியும் இறைச்சியும் நீரும் அளிப்பதற்கென, நன்னம்பிக்கை முனையில் ஒரு குடியிருப்பை நிறுவிற்று. அதன் தலைவர் யான் வான் ரீபெக் 1655-இல் அங்கே திராட்சைக் கொடிகளை நடுவித்தார். 1659 பிப்ரவரி 2-ஆம் நாள் முதன்முறையாகக் கேப் திராட்சையிலிருந்து மது வடிக்கப்பட்டது என அவர் தம் நாட்குறிப்பில் எழுதினார். ஒரு நாட்டின் மதுத்தொழில் பிறந்த நாள் இவ்வளவு திட்டமாகத் தெரிந்திருப்பது அரிது.

அவருக்குப் பின் 1679-இல் தலைமையேற்ற சைமன் வான் டெர் ஸ்டெல், தொழிலின் குறை எங்கே உள்ளதென்று கண்டார். குடியானவர்கள் பழுக்காத கனியைப் பறித்துப் பிழிந்தனர். ஆதலால் மது புளித்தது. கனி முதிரும் முன்னர்ப் பிழிவோர்க்குத் தண்டம் விதித்தார் அவர். 1685-இல் தாம் பெற்ற கான்ஸ்டான்ஷியாப் பண்ணையில், நல்ல மது எவ்வாறு செய்யப்படும் என்பதைத் தாமே செய்தும் காட்டினார். பிரெஞ்சு நாட்டில் சமயக் கொடுமைக்கு ஆளான ஹியூகனோ மக்கள் 1688-இல் அங்கே வந்து குடியேறித் தம் கொடி வளர்ப்பு அறிவையும் உடன் கொண்டுவந்தனர்.

ஆயினும், கொத்தியவரும் சுமந்தவரும் பெரும்பாலும் அடிமைகளே. வங்கத்திலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் கப்பலேற்றப்பட்டோர் அவ்வடிமைகளுள் இருந்தனர். 1860-இல் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற ஒப்பந்தக் கூலிகளின் கதை நமக்குத் தெரியும். அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கேப் முனைக்குக் கொண்டுசெல்லப்பட்ட நம் கரையோர மக்களை நாம் ஏறக்குறைய மறந்துவிட்டோம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் கேப் நாட்டு மதுவிற்கு இரு முகங்கள் இருந்தன. கான்ஸ்டான்ஷியாவின் இன்மது ஐரோப்பிய அரண்மனைகளில் இடம்பெற்றது. செயின்ட் ஹெலினாத் தீவில் சிறையிருந்த நெப்போலியனுக்கும் அது சென்றது. ஏனைய பண்ணைகளின் சரக்கோ படேவியாத் துறைமுகத்திலேயே பழிப்புக்கு ஆளாயிற்று. சிறந்தது ஏழைக்கு எட்டாததாகவும், எட்டியது சிறவாததாகவும் இருந்தன.

ஆட்சி ஆங்கிலேயர் கைக்கு மாறியபின், 1811-இல், ஏற்றுமதிச் சரக்கைச் சுவைத்துத் தரம் காணும் அரசாங்க அதிகாரி ஒருவரை நியமித்தனர். நாவையே அரசு உத்தியோகமாக்கிய இம்முயற்சி நற்பயன் தந்திருக்கக்கூடும். ஆனால் 1813-இல் பிரிட்டன் கேப் மதுவிற்குச் சுங்கச் சலுகை அளித்தது. சலுகையால் வாணிகம் பெருகிற்று. பெருகவே, எதைப் பிழிந்தாலும் விற்கும் என்ற எண்ணமும் பெருகிற்று. 1825-இல் சலுகை குறைந்தது. 1861-இல் அடியோடு நீங்கியது. தரத்தால் எழாமல் வரியால் எழுந்த வாணிகம், வரி மாறியவுடன் சரிந்தது. 1886-இல் பிலாக்ஸெரா என்னும் வேர்ப்பூச்சி கொடிகளையும் அழிக்கத் தொடங்கிற்று.

மீண்டும் நட்டபோது கொடிகள் அளவுக்கு மீறின, விலை வீழ்ந்தது. குடியானவர்களைக் காக்க 1918-இல் கே.டபிள்யூ.வி. என்னும் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. 1924-இல் வடிசாலைக்குச் செல்லும் மதுவின் குறைந்தபட்ச விலையை நிர்ணயிக்கும் அதிகாரமும், 1940-இல் நல்ல மதுவின்மீதும் அத்தகைய அதிகாரமும் அச்சங்கத்திற்குக் கிடைத்தன. பட்டினியிலிருந்து பலரை அது காத்தது உண்மை. ஆனால் மிகுதியாக விளைத்தாலும் வாங்கிக்கொள்ள ஆளிருந்தமையால், குறைவாக விளைத்து நயமாகச் செய்ய வேண்டும் என்ற ஊக்கம் குன்றியது. நல்லவனுக்கும் அல்லாதவனுக்கும் வேறுபாடு காட்ட வேறொரு வழி தேவைப்பட்டது. அவ்வழியே போட்டி.

இதற்கு ஒரு சிறந்த எடுத்துக்காட்டு பினோட்டாஜ் என்னும் கொடி. ஸ்டெல்லன்பாஷ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆபிரகாம் பெரோல்ட் 1925-இல், பினோ நுவார், சின்ஸோ என்னும் இரு பிரெஞ்சு இனங்களைக் கலந்து, கிடைத்த நான்கு விதைகளைத் தம் வீட்டுத் தோட்டத்தில் நட்டார். அவர் வேலை மாறிச் சென்றபின் தோட்டம் புதர் மண்டிற்று. அதனை வெட்டித் துப்புரவு செய்ய ஆட்கள் வந்த வேளையில், அச்செடிகளின் வரலாற்றை அறிந்த இளம் ஆசிரியர் சார்லி நீஹாஸ் அவற்றை மீட்டார் என்பர். பின்னர்ப் பல ஆண்டுகள் அக்கொடியைப் பொருட்படுத்தினார் மிகச் சிலரே. 1959-இல் கேப் மதுக் கண்காட்சியில், பெல்வியூப் பண்ணையின் பினோட்டாஜ் முதன்மைப் பரிசு பெற்றது. 1961-இல் அப்பரிசு மது ‘லான்ஸராக்’ என்னும் பெயரில் புட்டியில் அடைபட்டு வந்தபோது, பினோட்டாஜ் என்ற பெயர் முதன்முறையாகச் சீட்டில் ஏறியது. பெயரில்லாத கொடிக்குப் பெயர் தேடிக் கொடுத்தது விளம்பரமன்று, நடுவர்களின் நாவே.

மலிவான வெண்மதுவின் கதையும் இதை ஒட்டியதே. ‘ஸ்டீன்’ என அந்நாட்டார் அழைத்த எளிய திராட்சை எங்கும் விளைந்தது. அதனை எவரும் உயர்வாகக் கருதவில்லை. 1959-இல் வெளிவந்த ‘லீபர்ஸ்டைன்’ என்னும் அரையினிப்பு மது அவ்வாண்டு சுமார் 30,000 லிட்டர் விற்றது; 1964-இல் 3 கோடியே 10 லட்சம் லிட்டர் விற்றது. அதே பத்தாண்டில் ஸ்டெல்லன்பாஷ் பேராசிரியர் ஓர்ஃபர், ஸ்டீன் என்பது பிரான்சின் லுவார் ஆற்றுப் பள்ளத்தாக்கில் புகழ்பெற்ற ஷெனின் பிளாங்க் இனமே என்று நிறுவினார். எளியதென்று ஒதுக்கிய கொடி பெருங்குடியில் பிறந்தது என்பது தெரிந்தது. இன்று தென்னாப்பிரிக்காவில் மிகுதியாகப் பயிராகும் திராட்சை அதுவே. குறைந்த விலையில் நிறைந்த தரம் தேடுவோர் முதலில் நாடுவதும் அதுவே.

நிறவெறிக் கொள்கையால் அந்நாடு உலகினின்று ஒதுக்கப்பட்டதும் இவ்வரலாற்றின் பகுதியாகும். அதனுடன் வாணிகத்தை முதலில் முறித்த நாடு நம் இந்தியாவே, ஆண்டு 1946. மீண்டும் உறவு தொடங்கியது 1993-இல். இடைப்பட்ட காலத்தில் விளைபொருளின் பிறப்பிடத்தை உறுதிசெய்யும் சட்டம் 1973-இல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் அயல்நாட்டுச் சரக்கோடு நேர்நின்று போட்டியிடும் வாய்ப்பு அருகியே இருந்தது. 1990-இல் ‘வெரிட்டாஸ்’ பரிசுகள் தொடங்கின. 1991-இல் கானன்காப் பண்ணையின் பையர்ஸ் ட்ரூட்டர் லண்டன் சர்வதேசப் போட்டியில் அவ்வாண்டின் சிறந்த மது வினைஞர் எனப் பாராட்டப்பட்டார். அவருக்கு அப்பெருமையைத் தந்ததும் பினோட்டாஜே. 1995-இல் ஆஸ்திரேலிய மதுக்களோடு கிரிக்கெட் ‘டெஸ்ட்’ போல நடந்த பந்தயத்தில் தென்னாப்பிரிக்கா படுதோல்வி அடைந்தது. அத்தோல்வி தொழிலை விழிக்கச் செய்தது.

போட்டி நடைபெறும் முறை எளியது. ஒரே இன மதுக்களை ஒன்றாகச் சேர்ப்பர். புட்டிகளை மறைத்து எண் மட்டும் இடுவர். பண்ணையின் பெயரும் விலையும் நடுவர்க்குத் தெரியா. நிறம், மணம், சுவை, சுவையின் நீடிப்பு ஆகியவற்றை ஆராய்ந்து ஒவ்வொருவரும் தனித்தனியே மதிப்பெண் இடுவர். பெருத்த வேறுபாடு தோன்றினால் மீண்டும் சுவைத்து விவாதிப்பர். சுவைத்ததைத் துப்பிவிடுவர், இல்லையேல் அறிவு மயங்கும். விலை மறைந்திருப்பதுதான் இம்முறையின் உயிர்நாடி. பெரும்பண்ணையின் விலையுயர்ந்த சரக்கும், கூட்டுறவுச் சாலையின் மலிவுச் சரக்கும் ஒரே தட்டில் நிற்கின்றன.

ஆனால் நாவும் தவறும். அமெரிக்காவின் ராபர்ட் ஹாட்ஜ்சன் என்னும் அறிஞர், கலிபோர்னிய மாநிலக் கண்காட்சி நடுவர்களுக்கு ஒரே புட்டியின் மதுவை அவர்கள் அறியாமல் மும்முறை வைத்துச் சோதித்து, 2008-இல் முடிவை வெளியிட்டார். மூன்று முறையும் ஒரே பதக்க வரம்பினுள் மதிப்பிட்டவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவே. ஒரு போட்டியில் பொன் பெற்ற மது வேறொரு போட்டியில் ஒன்றும் பெறாமல் போவது மிகுதி என்றும் அவர் மறு ஆண்டு காட்டினார். ஆகவே ஒற்றைப் பதக்கத்தை வேதவாக்காகக் கொள்ளலாகாது. பல போட்டிகளில், பல ஆண்டுகள் தொடர்ந்து தேறும் பண்ணையே நம்பத்தக்கது. பதக்கம் எந்த ஆண்டு விளைச்சலுக்கு உரியது, கையிலுள்ள புட்டி அவ்வாண்டினதுதானா என்பதையும் நோக்க வேண்டும். சென்ற ஆண்டுப் புகழில் இவ்வாண்டுச் சரக்கை விற்போர் எத்தொழிலிலும் உண்டு.

இனி இரண்டாம் வினாவிற்கு வருவோம். கேப் அடிமை முறை 1834-இல் சட்டத்தால் நீங்கிற்று. 1838 வரை ‘பயிற்சி’ என்ற பெயரில் நீடித்தது. அதன்பின்னும் ‘டாப்’ என்னும் வழக்கம் நிலைத்தது. கூலியின் ஒரு பகுதியாகத் தொழிலாளிக்கு நாள்தோறும் மட்ட மதுவையே ஊற்றிக் கொடுப்பர். 1960-களின் தொடக்கத்தில் சட்டம் தடுத்த பின்னரும் அது முற்றும் ஒழியவில்லை. தாய் அருந்திய மதுவால் கருவிலேயே ஊனமுற்ற குழந்தைகள் உலகிலேயே மிகுதியாகக் காணப்படும் இடங்களுள் மேற்குக் கேப் ஒன்று. மலிவின் சுமை இறங்கிய தோள்கள் இவை.

நடுவரின் கிண்ணம் இதனைக் காட்டாது. மணத்தில் கூலி தெரியாது. சுவையில் குடிசை தெரியாது. இவ்வுண்மையை உணர்ந்தே 2002-இல் ‘வியட்டா’ என்னும் அமைப்புத் தொழிலாளர் நிலையைத் தணிக்கை செய்யத் தொடங்கிற்று. 2003-இல் ‘தாண்டி’ என்னும் மது, நேர்மை வாணிகச் சான்று பெற்ற உலகின் முதல் திராட்சை மது ஆயிற்று. சரக்கைச் சோதிக்கும் கண் சரக்கைச் செய்தவரையும் காண வேண்டும் என்ற எண்ணம் மெல்ல வேரூன்றி வருகிறது.

நேயர்களே! பிற மாநிலங்களில் உழைத்து வாழும் நாம், நம் வேலையைப் பிறர் மதிப்பிடும்போது பெயரையும் பிறப்பையும் பாராது திறத்தையே காண வேண்டும் என்று விரும்புகிறோம். புட்டியை மறைத்துச் சுவைக்கும் முறை இந்நீதியைச் சரக்கிற்கு வழங்கியது. மலிவானது தாழ்ந்ததென்ற மயக்கத்தை நீக்கிற்று. அதே நீதி கொடிக்கு மண் வெட்டிய கைகளுக்கும் கிட்டும்போதுதான், நல்ல பொருள் மலிவாகக் கிடைத்தது என்று நாம் மனநிறைவோடு சொல்லலாம்.