பட்லர் கந்தப்பனின் பேரர்

"உன் பாட்டனார் யார்?" என்று வகுப்பில் கேட்டால், நம் கூட்டேரிப்பட்டு வட்டாரப் பிள்ளைகளுள் பலர் தலையைக் குனிந்துகொள்வர். பண்ணையில் உழைத்தவரைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்னும் எண்ணமே அதற்குக் காரணம். துரை வீட்டுப் பணியாளர் ஒருவரைப் பாட்டனாராகப் பெற்ற பெருமகன், அதனை மறைக்காமல் எவ்வாறு எழுதினார் என்பதை நம் இளைஞர்களுக்கு இம்மலர் வாயிலாகச் சொல்ல விழைகின்றேன்.

1845 மே 20ஆம் நாள் பிறந்த காத்தவராயன், தமக்குக் கல்வி புகட்டிய ஆசிரியரின் பெயரையே தம் பெயராக ஏற்று அயோத்திதாசர் ஆனார். அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஜார்ஜ் ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்தவர். தட்டு ஏந்திய அக்கைகளே ஓலைச் சுவடிகளையும் பேணிக் காத்தன. அந்நாளில் எல்லீசு துரை சென்னையில் கலெக்டராக இருந்து தமிழ் நூல்களைத் தேடிவந்தார். திருக்குறள், நாலடி நானூறு ஆகியவற்றின் ஏடுகளைக் கந்தப்பன் அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார் என்றும், அவையே பின்னர் அச்சேறின என்றும் பண்டிதர் எழுதியுள்ளார்.

1812இல் சென்னையில் இவ்விரு நூல்களின் மூலபாடமும் அச்சாயிற்று. அதன் முகப்பில் அச்சிட்டவராகத் தஞ்சை மலையப்ப பிள்ளை குமாரர் ஞானப்பிரகாசன் பெயர் காணப்படுகிறது. கந்தப்பன் பெயர் அங்கில்லை. அப்பெயர் இன்று நமக்குக் கிடைத்திருப்பது பேரரின் எழுதுகோலால்தான்.

பாட்டனார் விட்டுச் சென்றது பெருமை மட்டுமன்று. ஐயுறும் துணிவையும் அவர் விட்டுச் சென்றார். "ஏட்டில் ஒன்றிருக்க அச்சில் வேறொன்று வருவதேன்?" என்னும் வினாவே பண்டிதரின் ஆராய்ச்சிக்கு வித்து என்பது என் கருத்து. 1907 ஜூன் 19 அன்று இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். மறு ஆண்டு அது 'தமிழன்' ஆயிற்று. வள்ளுவரின் பிறப்பைப் பற்றி வழங்கிய கதைகளை அவ்விதழில் மறுத்தார். குறளைத் 'திரிக்குறள்' என்று வழங்கி, பௌத்த நெறி நின்று உரையும் வரைந்தார். அவர் கூறும் சொல்லாராய்ச்சி அனைத்தையும் இன்றைய மொழியறிஞர் ஏற்பதில்லை. நானும் சிலவற்றை ஏற்கவில்லை. ஆயினும், நமக்கு வரலாறே இல்லை என்றிருந்த காலத்தில், வீட்டுச் சுவடியைச் சான்றாக வைத்து வழக்காடியவர் அவர். அவ்வுரை நிறைவுறுமுன்பே 1914 மே 5ஆம் நாள் மறைந்தார். மகனார் பட்டாபிராமன் சிறிது காலம் இதழைத் தொடர்ந்து நடத்தினார். 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வெளிவந்த பின்னரே அவ்வெழுத்துகள் பலர் கைக்கும் எட்டின.

இவ்வரலாற்றை ஒருமுறை எட்டாம் வகுப்பில் சொன்னேன். மறுவாரம் மாணவன் ஒருவன், துணியில் சுற்றிய ஓலைக்கட்டு ஒன்றைக் கொண்டுவந்தான். அவன் பாட்டனார் நாட்டு வைத்தியர். பரணில் கிடந்த கட்டைக் கறையான் பெரிதும் அரித்திருந்தது. இரண்டு ஓலைகளே படிக்கும் நிலையில் இருந்தன. பிள்ளைகள் சூழ்ந்து நிற்க, எழுத்துக்கூட்டிப் படித்தோம். ஒன்றில், மாந்தக் குழந்தைக்குக் கொடுக்கும் கஷாயத்தின் அளவு இருந்தது.