மேசன்களின் தருமப் பெட்டி

சண்டிலிப்பாயில் நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புப் பொடியன் ஒருவன் எழும்பிக் கேட்டான்: "ரீச்சர், பிரீமேசன் எண்டால் ஆர்?" வகுப்பு சிரித்தது. யாழ்ப்பாணத்தில் மேசன் என்றால் வீடு கட்டுகிறவர். "காசு வாங்காமல் கட்டித் தாற மேசன் எங்க இருக்கிறார்? எங்கட வீட்டுக்கும் வரச் சொல்லுங்கோ" என்று பின்வாங்கிலிருந்து ஒரு குரல்.

கேட்டவன் கைபேசியில் ஒரு காணொளி பார்த்திருக்கிறான். அதே காணொளி இரண்டு கிழமைக்கு முன் என் மருமகனிடமிருந்து எனக்கும் வந்திருந்தது. உலகை ஆளும் இரகசியக் கூட்டம், தஜ்ஜாலுக்குப் பாதை போடுகிறவர்கள் என்றெல்லாம் அதில் இருந்தது. நம்மவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதில்லை. 'மாஸூனிய்யா' என்ற அறபுச் சொல்லைப் பயான்களில் கேட்டே வளர்ந்தோம்.

அன்று ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது, என்னிலும் மூத்த ரீச்சர் ஒருவர் மறுத்தார். "சும்மா கதை ரீச்சர். என்ர அப்பப்பா கொழும்பில கந்தோர் வேலையில இருக்கேக்க அந்த லொட்ஜில சேர்ந்தவர். அவர் செத்தாப்பிறகு அப்பம்மாவுக்குக் கொஞ்சக் காலம் அவையள் காசு அனுப்பினவை. தருமம் செய்யிற ஆக்கள்."

"பக்கத்து வீட்டு விதவைக்கும் அனுப்பினவையோ?" என்று கேட்டேன்.

"அவ லொட்ஜ்காரற்ற பெண்சாதி இல்லையே" என்றார்.

இந்தப் பதில்தான் என்னைப் புத்தகங்களைத் தேட வைத்தது. மேசன்களைப் பற்றி நாம் எப்போதும் இரகசியத்தையே பேசுகிறோம். அவர்களோ எப்போதும் தருமத்தையே பேசுகிறார்கள். அந்தத் தருமம் யாருக்குப் போனது என்று இரு தரப்பும் அதிகம் கேட்பதில்லை.

பிரீமேசன்கள் தங்கள் தலைமைச் சபையின் தொடக்கத்தை இலண்டனில் 1717 என்று கணக்கிடுகிறார்கள். கல் வேலைக்காரரின் பழைய தொழிற் சங்கங்களிலிருந்து மூலைமட்டம், கவராயம் போன்ற சின்னங்களை எடுத்துக்கொண்டு, கல்லே தொடாத கனவான்கள் கூடிய சங்கம் அது. 1723இல் ஜேம்ஸ் அண்டர்சன் என்ற பாதிரியார் அதற்குச் சட்ட நூல் எழுதினார். எல்லா மனிதரும் ஒத்துக்கொள்ளும் மார்க்கமே போதும், மற்ற அபிப்பிராயங்களை அவரவர் வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் முதல் விதி. அக்காலத்து ஐரோப்பாவுக்கு இது பெரிய விஷயம். பாப்பரசர் 1738இல் தடை விதித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அதே நூலில் உதவியைப் பற்றியும் விதி இருக்கிறது. முன்பின் தெரியாத மேசன் ஒருவர் வந்து, சோதித்துப் பார்த்ததில் உண்மையானவராகவும் வறியவராகவும் இருந்தால், இயன்றால் உதவ வேண்டும். அல்லது உதவி கிடைக்கும் வழியைக் காட்ட வேண்டும், சில நாள் வேலை கொடுக்க வேண்டும். சக்திக்கு மிஞ்சிச் செய்யத் தேவையில்லை. ஆனால் ஒரே நிலையில் இரண்டு ஏழைகள் நின்றால், நல்லவரான மேசன் ஏழைக்கே முதலிடம்.

முதற்படியில் சேர்கிறவருக்கு ஒரு சடங்கு உண்டு. அவரிடமிருந்து காசு உட்பட எல்லா உலோகத்தையும் முன்பே வாங்கிவிடுவார்கள். பிறகு சபை நடுவில் நிறுத்தி, தருமத்துக்கு ஏதாவது கொடுங்கள் என்று கேட்பார்கள். பைக்குள் கை விட்டால் ஒன்றும் இராது. கையில் ஒன்றுமில்லாமல் நிற்பது எப்படி என்று அந்த நேரம் உங்களுக்குத் தெரிந்ததல்லவா, இதே நிலையில் ஒரு சகோதரன் வந்தால் இதை நினையுங்கள் என்று அறிவுரை சொல்வார்கள். நல்ல பாடம், சும்மா சொல்லக்கூடாது. நோன்பு பிடித்தவனுக்குப் பசியின் அருமை தெரிவதைப் போன்றதுதான் இதுவும்.

1724இல் பொது தரும நிதி தொடங்கும் யோசனை வந்தது. 1788இல் ரஸ்பினி என்ற இத்தாலியப் பல் வைத்தியர் மேசன்களின் பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடத்துக்கு அடிகோலினார். மறு ஆண்டு அது 15 பிள்ளைகளுடன் திறந்தது. பெண் கல்வியை எவரும் பெரிதாக எண்ணாத காலத்தில் நடந்தது அது. பத்து வருடம் கழித்து ஆண்பிள்ளைகளுக்கும் ஏற்பாடு வந்தது. 1933இல் இலண்டனில் அவர்களின் பெரிய ஆஸ்பத்திரியை ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் திறந்துவைத்தார். 1948இல் பிரித்தானிய அரசு ஆஸ்பத்திரிகளைப் பொதுச் சேவைக்குள் எடுத்தபோது, இது வெளியே நின்றது. மேசன்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் என்று கட்டிய வீடு அப்படியே இருந்தது.

எங்கள் பக்கத்துக்கு இந்தச் சங்கம் வியாபாரத்தோடும் பட்டாளத்தோடும் வந்து சேர்ந்தது. கல்கத்தாவில் 1730, சென்னையில் 1752. இலங்கையில் ஒல்லாந்தர் காலத்திலேயே லொட்ஜுகள் இருந்தன. ஆங்கிலேயர் காலத்தில் 1838இல் கொழும்பில் செயின்ட் ஜோன்ஸ் லொட்ஜ் அமைந்தது. இந்தியாவில் பாமரர் லொட்ஜ் கட்டடத்துக்கு வைத்த பெயர் 'ஜாதூகர்', அதாவது மந்திர வீடு. பூட்டிய கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறதென்று தெரியாவிட்டால் சனம் வேறெப்படிப் பெயர் வைக்கும்?

இந்தியர்களில் முதலில் அந்தக் கதவுக்குள் போனவராகச் சொல்லப்படுபவர் ஒரு முஸ்லிம், அதுவும் தமிழ் மண்ணில். ஆற்காட்டு நவாப் முஹம்மது அலீ வாலாஜாவின் மூத்த மகன் உம்தத்துல் உமரா 1775ஆம் ஆண்டளவில் திருச்சிராப்பள்ளியில் மேசனாகச் சேர்ந்தார். செய்தி இலண்டன் போனதும் தலைமைச் சபைக்கு ஒரே மகிழ்ச்சி. அலங்கரித்த மேசன் ஏப்ரன் ஒன்றும், சிறப்பாகக் கட்டிய சட்ட நூலும் அனுப்பிவைத்தார்கள். இளவரசர் பாரசீக மொழியில் நன்றிக் கடிதம் எழுதிப் பொற்சரிகைத் துணி உறையில் அனுப்பினார். தமக்குள்ள பட்டங்களில் ஆங்கில மேசன் என்பதை மிக மதிப்புள்ள ஒன்றாகக் கருதுவதாக அதில் இருந்தது. 1780இல் இது இலண்டன் சபையின் முன் வைக்கப்பட்டது.

அதே காலத்தில் வாலாஜா குடும்பம் கம்பனி உத்தியோகத்தரிடம் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. கடன் கொடுத்தவர்கள் வட்டிக்கு வட்டி வாங்கி, நவாபின் கிராமங்களின் வரியையே ஈடாகப் பிடித்தார்கள். 1785இல் எட்மண்ட் பர்க் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் இந்தக் கடன்களைக் கிழித்துப் பேசினார். 1795இல் தந்தை மறைய, உம்தத்துல் உமரா நவாபானார். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு சுல்தான் ஷஹீதான பிறகு, அங்கே அகப்பட்ட கடிதங்களைக் காட்டி, நவாப் திப்புவுடன் இரகசியத் தொடர்பு வைத்திருந்தார் என்று கம்பனி குற்றம் சாட்டியது. 1801 ஜூலையில் அவர் சேப்பாக்கம் மாளிகையில் மரணப் படுக்கையில் கிடக்கையில் கம்பனிப் படை மாளிகைக்குள் வந்து நின்றது. ஜூலை 15ஆம் திகதி வபாத்தானார். மகன் அலீ ஹுசைன் கம்பனியின் நிபந்தனைகளுக்கு இணங்க மறுத்தார். அவரை ஒதுக்கி, இணங்கிய உறவினரான அஸீமுத் தௌலாவுக்குப் பட்டத்தைக் கொடுத்து, அந்த மாதம் 31ஆம் திகதி கர்நாடக அரசின் ஆட்சியை எழுதி வாங்கினார்கள். அலீ ஹுசைன் மறு வருடமே இறந்துபோனார்.

மேசன் சட்டப்படி பார்த்தால் அவர் இறந்துபோன சகோதரன் ஒருவனின் அநாதைப் பிள்ளை. அந்தச் சகோதரத்துவத்தின் வரலாற்றை எழுதியவர்கள் ஏப்ரனையும் பொற்சரிகை உறையையும் பெருமையாக எழுதுகிறார்கள். சேப்பாக்கத்துக் கதையைத் தேட வேறு புத்தகம் திறக்க வேண்டியிருக்கிறது.

இளவரசருக்கு உடனே திறந்த கதவு மற்றவர்களுக்கு அப்படித் திறக்கவில்லை. கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத் என்ற வங்காளி 1863இல் விண்ணப்பித்தார். 1872இல்தான் உள்ளே விட்டார்கள். எல்லா மனிதரும் ஒத்துக்கொள்ளும் மார்க்கம் என்று சட்ட நூலில் எழுதியிருந்தும் ஒன்பது வருடம்.

இன்னொரு முஸ்லிமின் கதை நேர் எதிராகப் போகிறது. அல்ஜீரியாவில் பிரெஞ்சுக்காரரோடு போராடித் தோற்று, டமஸ்கஸில் வாழ்ந்த அமீர் அப்துல் காதிர், 1860இல் அங்கே கலவரம் வெடித்தபோது ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்களைக் காப்பாற்றினார். தம் ஆட்களை அனுப்பித் தெருத் தெருவாகத் தேடிக் கூட்டி வந்து, தம் வீட்டில் அடைக்கலம் கொடுத்தார். இதைக் கேள்விப்பட்ட பாரிஸ் லொட்ஜ் ஒன்று அவருக்குப் பாராட்டு எழுதி, தங்களோடு சேர அழைத்தது. 1864இல் அலெக்சாந்திரியாவில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் காப்பாற்றியது அதற்கு நாலு வருடம் முந்தி. ஷரீஅத்தும் மனிதாபிமானமும் சொன்னதையே செய்தேன் என்பது அவர் நிலைப்பாடு.

அமெரிக்காவில் மேசன்களின் கிளை ஒன்று உண்டு, ஷ்ரைனர்கள். சிவப்புத் துருக்கித் தொப்பி போட்டு, தங்கள் மண்டபத்துக்கு 'மக்கா' என்றெல்லாம் பெயர் வைத்து, ஸலாம் சொல்லி விளையாடியவர்கள். நமக்கு எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் அவர்கள் 1922இல் லூசியானா மாநிலத்தில் தொடங்கிய சிறுவர் ஆஸ்பத்திரி, போலியோவால் கால் முடங்கிய பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் வைத்தியம் பார்த்தது. பிறகு அப்படிப் பல ஆஸ்பத்திரிகள் வந்தன. பிள்ளையின் தகப்பன் மேசனா என்று கேட்கவில்லை. கோயம்புத்தூரிலும் மேசன்கள் நடத்தும் குழந்தைகள் வைத்தியசாலை இருக்கிறது. இங்கிலாந்திலும் இப்போது அவர்களின் தரும நிதி வெளியாருக்கும் போகிறது. இதை மறைத்து எழுதினால் நான் என் மருமகனின் காணொளிக்காரரைவிட மேலில்லை.

1978இல் மக்காவில் கூடிய ராபிதாவின் பிக்ஹு சபை, தெரிந்துகொண்டே மேசனாக இருப்பவர் இஸ்லாத்தை விட்டு விலகியவர் என்று கடுமையாகத் தீர்மானித்தது. தீர்மானத்தைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் சியோனிசம் பற்றிய பகுதியைத்தான் சொல்வார்கள். அதில் இன்னொரு குற்றச்சாட்டும் உண்டு. மேசன் தன் சகோதரன் நியாயத்தில் நின்றாலும் அநியாயத்தில் நின்றாலும், அநீதி செய்பவனானாலும் செய்யப்பட்டவனானாலும் உதவுகிறான் என்பது அது. ஹதீஸ் தெரிந்தவர்களுக்கு இந்தச் சொற்கள் காதில் விழுந்ததுமே ஒன்று நினைவுக்கு வரும். அநீதி செய்தாலும் செய்யப்பட்டாலும் உன் சகோதரனுக்கு உதவு என்று நபிகளாரும் (ஸல்) சொல்லியிருக்கிறார்கள். அநீதி செய்கிறவனுக்கு எப்படி உதவுவது என்று தோழர்கள் கேட்க, அவன் கையைப் பிடித்துத் தடுப்பதே உதவி என்று விளக்கினார்கள். சேப்பாக்கத்தில் பிடிக்க வேண்டிய கைகள் நிறைய இருந்தன.

தம்மவருக்கு முதலிடம் என்ற விதியை மட்டும் வைத்து மேசன்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உறவினருக்குக் கொடுத்தால் இரட்டை நன்மை என்று நாமும் படித்திருக்கிறோம். ஸகாத் முஸ்லிம்களுக்கே என்பதுதான் சட்ட அறிஞர் பெரும்பாலானோரின் கருத்து. மற்றவருக்கு ஸதகாவின் வாசல் திறந்திருக்கிறது. ஆனால் அத்தவ்பா அத்தியாயம் ஸகாத்துக்கு உரியவர்களாகச் சொல்லும் எட்டு வகையாரில் கடைசி ஆள் வழிப்போக்கர். வழிப்போக்கர் யார்? நிற்கிற ஊரில் எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லாதவர். அவருக்கு அங்கே சகோதரச் சங்கமும் இல்லை, ஜமாஅத் கொப்பியும் இல்லை.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பன்னிரண்டு வயது. கையில் ஒன்றுமில்லாமல் நிற்கும் அந்தப் பாடம் எங்களுக்குச் சடங்காக வரவில்லை. புத்தளத்தில் எந்தப் பள்ளிவாசல் பட்டியலிலும் வாப்பாவின் பெயர் இருக்கவில்லை. கல்பிட்டிப் பக்கம் தென்னந்தோட்டத்தில் ஓலைக் கொட்டிலுக்கு முன்னால், சுபஹுக்கு முந்தி யாரோ அரிசிப் பையை வைத்துவிட்டுப் போவார்கள். யாரென்று உம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது.

இப்போது யாழ்ப்பாணத்தில் ஐந்து சந்திப் பக்கம் இருந்து சண்டிலிப்பாய்க்கு மானிப்பாய் வழியாக பஸ்ஸில் போய் வருகிறேன். மானிப்பாயில் சாமுவேல் கிறீன் வைத்தியரின் பெயர் தாங்கிய ஆஸ்பத்திரியைக் கடந்துதான் போக வேண்டும். அமெரிக்க மிஷன்காரர். மதம் பரப்ப வந்தவர்தான், மறுக்கவில்லை. என்றாலும் வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்து, வந்த நோயாளி எவரையும் பார்த்தார்.

எழுத்து நன்றாக இருக்கும் என்று எங்கள் பகுதியில் ஸகாத் பட்டியலைப் பிரதி பண்ணும் வேலை எனக்கு வரும். போன வருடம் வாடகை வீட்டில் புதிதாக வந்திருந்த ஒரு குடும்பத்தின் பெயரை நான் கடைசியில் சேர்த்து எழுதினேன். கணவன் மன்னார்ப் பக்கம் வேலைக்குப் போய் வருத்தமாய்க் கிடக்கிறார், மூன்று பிள்ளைகள். பட்டியல் திரும்பி வந்தபோது அந்த வரி வெட்டியிருந்தது. ஜமாஅத்தில் பதிவில்லை, சந்தா கட்டவில்லை என்று காரணம் சொன்னார்கள். அத்தவ்பாவின் வழிப்போக்கரைப் பற்றிக் கேட்டேன். "அது சரி ரீச்சர், ஆனா இப்ப ஒரு ஒழுங்கு இருக்குத்தானே" என்றார் பொறுப்பானவர். நல்ல மனிதர், தன் கையால் அந்தப் பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கிக் கொடுத்தவர்.

இந்த வருடப் பட்டியலிலும் அந்தப் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஷஃபானில் கூட்டம் வைத்துப் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார்கள்.