எண்ணும் அளவும்: ஓர் ஆங்கில விதியின் வரலாறு

எண்ணிக் கூறுவது வேறு, அளந்து கூறுவது வேறு என்பதைத் தமிழர் நெடுங்காலமாக அறிவர். தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் எண்ணுப்பெயர், அளவுப்பெயர், நிறைப்பெயர் என வகைப்படுத்திப் புணர்ச்சி கூறுகின்றார். ‘எத்தனை மாணவர்?’ என்கிறோம், ‘எவ்வளவு எண்ணெய்?’ என்கிறோம். ஆயினும், ஒப்பிட்டுக் கூறுமிடத்து இவ்வேறுபாட்டை நாம் போற்றுவதில்லை. இவ்வாண்டு மாணவரும் குறைவு, மழையும் குறைவு. ஒரே சொல் இரண்டிற்கும் பொதுவாக நிற்கின்றது.

ஆங்கிலம் பயிலும் நம் மாணவர் இடறும் இடம் இதுவே. எண்ணத்தக்க பெயருக்கு முன் ‘ஃபியூவர்’ வரவேண்டும்; எண்ணத்தகாத பெயருக்கு முன் ‘லெஸ்’ வரவேண்டும் என்பது பாடநூல் விதி. ‘ஃபியூவர் புக்ஸ்’ என்பது சரி. ‘லெஸ் ரைஸ்’ என்பதும் சரி. ‘லெஸ் புக்ஸ்’ என்று எழுதிய மாணவனின் தாளில் சிவப்புக் கோடு விழுகின்றது. தாய்மொழியின் தாக்கத்தால் விளைந்த பிழை என்று ஆசிரியரும் அமைதி கொள்கின்றார். அம்முடிவு பொருந்துமா என்பதை வரலாற்றின் துணைகொண்டு நோக்குவோம்.

இங்கிலாந்தை 871 முதல் 899 வரை ஆண்ட ஆல்பிரட் மன்னரின் பெயரால் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு நூலொன்றில், ‘குறைந்த சொற்களால்’ என்னும் கருத்து ‘லெஸ்’ என்பதன் பழைய வடிவங்கொண்டே சொல்லப்பட்டுள்ளது. அக்காலத்தில் அச்சொல் பெயர்போல நின்றது. அதனை அடுத்த பெயர், நம் ஆறாம் வேற்றுமையை ஒத்த உருபை ஏற்றது. ‘சொற்களின் குறைவு’ என்பதே அத்தொடரின் அமைப்பு. பின்னர் அவ்வுருபு தேய்ந்து மறைந்தது. ‘லெஸ்’ என்பது பன்மைப் பெயரை நேரே தழுவி நின்றது. ஆகவே இன்று பிழை எனப்படும் வழக்கு ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது.

அவ்வாறாயின் விதி எங்கிருந்து வந்தது? அறிஞர் இதுவரை கண்டவற்றுள் அதன் முதற்சுவடு, ராபர்ட் பேக்கர் என்பார் 1770இல் ஆங்கில மொழி பற்றி வெளியிட்ட நூலில் உள்ளது. எண்ணிக்கையைக் குறிக்கவும் மக்கள் ‘லெஸ்’ என்பதையே பெரிதும் வழங்குகின்றனர் என்பதை அவர் ஒப்புக்கொண்டார். எனினும் அவ்விடத்து ‘ஃபியூவர்’ சிறக்கும் எனத் தம் கருத்தைத் தெரிவித்தார். ஒருவர் விருப்பமாகத் தோன்றிய அது, பின்வந்த இலக்கண நூல்களில் ஆணையாக உருப்பெற்றது.

மிகுதியைக் குறிக்கும் சொல்லின் வரலாறோ இதற்கு நேர்மாறானது. முற்காலத்தில் எண்ணிக்கை மிகுதிக்கு ‘மோ’ என்றும், அளவு மிகுதிக்கு ‘மோர்’ என்றும் இரு சொற்கள் இருந்தன. 1611இல் அச்சேறிய ஆங்கில விவிலியத்திலும் ‘மோ’ காணப்படுகின்றது. பின்னர் அது வழக்கொழிந்தது. இன்று ‘மோர் புக்ஸ்’, ‘மோர் ரைஸ்’ என இரண்டிற்கும் ‘மோர்’ ஒன்றே வழங்குகின்றது; அதனால் பொருள் மயங்கியதாக எவரும் குறைகூறுவதில்லை. மிகுதியில் வேண்டாத வேறுபாடு குறைவில் மட்டும் வேண்டப்படுவது, தருக்கத்தின் பயனன்று, வழக்கின் பயனே.

விதிக்கும் விலக்கு உண்டு. பத்து வெள்ளிக்குக் குறைவு, ஐந்து கல் தொலைவுக்குக் குறைவு என்னுமிடங்களில், எண் வந்தும் ‘லெஸ்’ என்பதே மரபு. அங்குப் பணமும் தொலைவும் ஒரு தொகையாகக் கருதப்படுகின்றன. இவ்விதி பற்றிய பூசல் கடைத்தெருவரை சென்றதும் உண்டு. பத்துப் பொருளுக்கு மேற்படாதோர்க்கான வரிசையில் ‘லெஸ்’ என்று எழுதியிருந்த டெஸ்கோ பேரங்காடி, 2008இல் இரு சொல்லையும் தவிர்த்து, ‘பத்துப் பொருள் வரை’ எனப் பொருள்படும் தொடரை ஏற்றது.

எனவே இவ்விதியைக் கற்பிக்க வேண்டா என்பது நம் கருத்தன்று. தேர்விலும் சீரிய எழுத்திலும் அது எதிர்பார்க்கப்படுகின்றது. ஆதலின் மாணவர் அதனைத் தெளிவாக அறிதல் வேண்டும். ஆயின், ‘லெஸ் புக்ஸ்’ என்று எழுதும் தமிழ் மாணவனைத் திருத்தும்போது, அவன் தாய்மொழியின்மேல் பழி சுமத்துதல் தகாது. ஆங்கிலேயர் தாமே ஆயிரம் ஆண்டுகளாக வழங்கிவரும் தொடர் அது. கோடிடும் கை, அக்கோட்டின் வயதையும் சொல்லிக் கொடுக்குமாயின், மாணவன் விதியையும் கற்பான். தன் மொழியைக் குறித்து நாணவும் மாட்டான்.